விழா மலருக்குக் கேட்ட அரைப் பக்கம்

தினேஷ்,

நீ நன்றாக இருக்கிறாய் என்பது போனில் கேட்கிற குரலிலேயே தெரிகிறது. நான் எப்படி இருக்கிறேன் என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்குத் தெரியும். நேற்று காலை உங்கள் சென்னைப் பட விழா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். மரியாதை தெரிந்த பெண். "அம்மா, சனிக்கிழமை உங்க மகன் படம் போடுறோம். விழா மலருக்கு நீங்க ஒரு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தா ரொம்ப நல்லா இருக்கும். உங்க கஷ்டத்தையெல்லாம் மனசு விட்டு எழுதுங்க" என்றாள். பத்தாவது வரை படித்தவள் நான். மகளிர் குழுவுக்குப் பதினெட்டு வருடமாகத் தீர்மானம் எழுதுகிறவள். அரைப் பக்கம் எனக்கு ஒரு பாரமா? சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். திறந்தால் என் முகம். கரையில் உட்கார்ந்து, வாய் கோணி, கண்ணீரும் மூக்குநீருமாக நான் அழுகிற முகம். அதற்குக் கீழே வெள்ளை எழுத்தில் "செத்துப்போன ஏரியின் கடைசிக் கண்ணீர்" என்று போட்டிருந்தது. உன் நைனா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடி செத்தது?" என்று கேட்டார்.

இது அரைப் பக்கத்தில் அடங்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் உனக்கே எழுதுகிறேன். மலருக்கும் இதையேதான் அனுப்பப் போகிறேன். போட்டால் முழுசாகப் போடட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடட்டும், நறுக்கிப் போட மட்டும் சம்மதிக்க மாட்டேன். என் அழுகையை ஊரறியக் காட்டுகிறவர்களுக்கு என் பேச்சும் ஊரறியப் போவதில் ஆட்சேபம் இருக்க முடியாது. நீ கோபப்படுவாய். தாராளமாகப் படு. உனக்கு அந்தக் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அழுகை உன் படத்தில் இருக்கக் கூடாது. ஏன் என்று சொல்ல, நம் ஏலக் கொட்டகையில் நீ நடத்திய விழாவிலிருந்து நான் ஆரம்பிக்க வேண்டும். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் பட விழா வைக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது சிரிக்காதவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை. நானும்தான் சிரித்தேன். கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று பழவேற்காடு முதல் பொன்னேரி வரை வீடியோ எடுத்துச் சம்பாதித்தவன் நீ. அந்தக் கேமராவிலேயே எங்களைப் படம் எடுக்கிறேன் என்று மூன்று மாதம் எங்கள் பின்னாலேயே ஏரிக்குள் இறங்கினாய். "தண்ணியக் கலக்காதடா, ஓரமாப் போடா" என்று எத்தனை தடவை உன்னைத் திட்டியிருப்பேன்! நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, இறால் போடுகிற ஓலைக் கூடை, அதுதான் பறி, அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றை விரலால் தடவி இறாலைப் பிடிப்பதை நீ எடுத்தாய். என்னோடு தினமும் இறங்குகிற மேரி தன் மாமியாரைப் பற்றிச் சொன்ன கதையையும் எடுத்தாய். சிரித்ததில் அவள் வாயிலிருந்து பறி நழுவி விழுந்ததையும் எடுத்தாய். கடைசியில் கரையேறும்போது என்னிடம், "நாளைக்கு இன்னாம்மா?" என்று கேட்டாய். "இன்னாடா கேள்வி இது? நாளைக்கும் எறங்குவேன்" என்று சொல்லிவிட்டு நான் நடந்து போனேன். படம் அங்கே முடிந்தது. இருபத்தாறு நிமிடம். அதை முதலில் எனக்குத்தான் போட்டுக் காட்டினாய். நான் இப்படி நடக்கிறேனா, இவ்வளவு சத்தமாகப் பேசுகிறேனா என்று வெட்கமாக இருந்தது. இரண்டாம் தடவை போடச் சொன்னபோது வெட்கம் போய்விட்டது.

விழாவுக்கு உன் படத்தோடு சேர்த்துப் பதினோரு படம் வந்தது. காட்டூரிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவின் நிலத்தைப் பற்றி ஏழு நிமிடம் எடுத்திருந்தாள். பொன்னேரி பஸ் டிரைவர் ஒருத்தர் தன் பஸ்ஸைப் பற்றியே எடுத்திருந்தார். சென்னையிலிருந்து ஒரு பெரிய இயக்குநர் தன் படத்தோடு வருகிறார், அவருடைய படம்தான் தொடக்கப் படம் என்று நீ நோட்டீஸ் அடித்தாய். பட்டப்பகலில் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கினோம். தரையை மூன்று தடவை கழுவினோம். அப்படியும் வாடை போகவில்லை. வரிசையை மட்டும் நீ எங்கள் பொறுப்பில் விட்டாய். "மத்த படத்தையெல்லாம் நீங்களே பாத்து வரிசையா போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவரை அழைத்து வரப் படகில் போனாய்.

மலரைப் படிக்கிறவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. பாடு என்று பெயர். பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டு எடுப்பார்கள். சீட்டில் எது வந்ததோ அதுதான். பணக்காரன் என்று நல்ல இடம் கிடையாது, ஏழை என்று கெட்ட இடம் கிடையாது. மாற்றிக் கேட்டால் கூட்டத்தில் மானம் போகும். நம் குடும்பத்துக்கு அந்தப் பாடு முறையில் பங்கு கிடையாது. கையை நம்பி இறங்குகிற ஜனம் நாம். அவர்கள் சீட்டு எடுக்கும்போது தள்ளி நின்று பார்த்ததோடு சரி. அன்றைக்குப் பதினோரு படத்தையும் வரிசை வைக்கிற வேலை கைக்கு வந்ததும் எங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான்தான் சீட்டு எழுதினேன். ஐஸ் பெட்டியில் போட்டுக் குலுக்கி, மேரியை விட்டு எடுக்கச் சொன்னேன். நோட்டீஸில் தொடக்கப் படம் என்று போட்டிருக்கிறதே என்று ஒருத்தி கேட்டாள். "அவரு படம் மட்டும் இன்னா வானத்துலேந்து வந்துச்சா? எல்லாச் சீட்டையும் போடு" என்று சொன்னவள் நான். இயக்குநர் படம் பதினோராவதாக வந்தது. ஏல விலை எழுதுகிற பலகையில் சாக்பீஸால் வரிசையை எழுதி மாட்டிவிட்டோம்.

நீ அவரோடு உள்ளே வந்து பலகையைப் பார்த்தபோது உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. என்னை ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "இன்னாமா இப்டி பண்ணி வச்சிக்கிற? அவரு எவ்ளோ பெரிய ஆளு தெரியுமா? ஒரே ஒரு தடவ மாத்தும்மா" என்று கெஞ்சினாய். "பெரிய ஆளுன்னா பெரிய மனசும் இருக்கும்ல? உக்காரட்டும். சீட்டுல வந்தத மாத்துனா நாளைக்கு எவன்டா நம்மள மதிப்பான்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மூன்று படம் பார்த்தார். சென்னையில் ஒரு மீட்டிங் என்று எழுந்து போய்விட்டார். அவர் படத்தைக் கடைசியில் அவர் இல்லாமலே போட்டோம், ஊரே உட்கார்ந்து பார்த்தது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரமே உன் போன் அடங்கிவிட்டது. உதவி செய்கிறேன் என்று சொன்னவர்கள் எடுக்கவில்லை. "உன்னாலதாம்மா எல்லாம் போச்சு" என்று ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. சீட்டுப் போட்டது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அடுத்த வருடம் அதே கொட்டகையில் விழா நடந்தால் அதே ஐஸ் பெட்டிதான், எந்த மந்திரி படம் எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி. ஆனால் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன். அந்தப் பயத்தில்தான் பிறகு நான் செய்யக் கூடாததைச் செய்தேன்.

ஒரு மாதம் கழித்து நீயே வந்து, சென்னையில் படம் எடுக்கிறவர்கள் சந்திப்பு இருக்கிறது, நீயும் வாம்மா என்று கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏசி ஹால். எல்லோர் கழுத்திலும் ஓர் அட்டை. உன் அட்டையில் பெயருக்குக் கீழே இயக்குநர் என்று இருந்தது. என் அட்டையில் "தினேஷின் அம்மா" என்று மட்டும் இருந்தது. வாசலில் இருந்த பெண்ணிடம் பேனா வாங்கி அதற்குக் கீழே "இறால் பிடிப்பவர்" என்று நானே எழுதிக்கொண்டேன். சிரிக்காதே, அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவ்வளவு தெளிவாகத் தங்கள் வேலை என்ன என்று சொல்லத் தெரியவில்லை. ஆளாளுக்கு அட்டை நீட்டினார்கள். "இத வச்சுக்கினு இன்னா பண்றது?" என்று ஒருத்தரிடம் கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று பையில் இருந்த இறால் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து எடுத்து நீட்டினேன். ஹால் முழுக்க வாடை. நீ கூனிக்குறுகி நின்றாய். அன்றைக்கு நீ வாங்கிவந்த அட்டைக் கட்டிலிருந்து இதுவரை யாராவது உன்னைக் கூப்பிட்டார்களா, சொல். நான் கருவாடு கொடுத்த ஒலிப்பதிவுப் பெண் மட்டும் அடுத்த வாரமே பஸ் பிடித்து, படகு பிடித்து நம் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள். ஏரித் தண்ணீரின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனாள். மனுஷர்களைப் பழக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பழகு. எந்தத் தொழிலிலும் ஆள் பழக்கம் வேண்டும். ஆனால் யாரிடம் எதைக் கொடுக்கிறாய் என்று தெரிந்து கொடு.

அந்த ஹாலில்தான் அந்த இயக்குநரை மறுபடி பார்த்தோம். நீ ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டாய். அவர் என்னவோ நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "என்னைக் கடைசில தள்ளிட்டீங்களேம்மா" என்று என்னிடம் சிரித்தார். அவரை வில்லன் என்று எழுதினால் அது பொய். உன் படத்தை லேப்டாப்பில் முழுக்கப் பார்த்தார். பிறகு உன் தோளில் கையைப் போட்டுச் சொன்னார்: "எல்லாம் இருக்கு தம்பி. ஆனா முடிவு சப்புன்னு இருக்கு. ஏரி அழியுது, ஒரு தாய் கரையில உக்காந்து அழணும். அம்மா அழுதா பாக்கறவன் மனசுல இறங்கும். அதை மட்டும் எடுத்துட்டு வா, இந்த வருஷ விழாவுக்கு நானே சொல்றேன்." நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மா அழணும் என்று அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். நீயும் தலையாட்டினாய். பஸ்ஸில் பொன்னேரி வந்து இறங்கினோம். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அழுவியாம்மா?" என்று கேட்டாய். கொட்டகையில் உன் முகத்தைப் பார்த்தவளுக்கு வேறு என்ன பதில் இருந்தது? "அதுக்கென்னா, அழுதாப் போச்சு" என்றேன்.

மறுநாள் மதியம் கரையில் உட்கார வைத்தாய். "ஏரியப் பாத்து, எல்லாம் போச்சு, ஏரி செத்துப் போச்சுன்னு சொல்லி அழும்மா" என்றாய். சொன்னேன், அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் நின்ற மேரியும் சிரித்தாள். அவளை விரட்டிவிட்டாய். வெங்காயம் நறுக்கிக் கொண்டுவந்தாய். கண் எரிந்ததே தவிர முகம் அழவில்லை. ஆறு தடவை எடுத்தோம். வெயில் சாயத் தொடங்கியது. நீ கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு எழுந்து போயிருப்பேன். என்னால்தானே இவன் இப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். "எடுடா, வரும்" என்றேன். வந்தது. நீ நிறுத்தச் சொன்ன பிறகும் எனக்கு நிற்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டாய். பிறகு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "ஷோக்கா பண்ட்டம்மா, நீ பெரிய நடிகை" என்றாய். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

நான் நடிக்கவில்லை, தினேஷ். எனக்கு நடிக்கத் தெரியாது. நீ பிறப்பதற்கு ஆறு வருடம் முன்னால் உனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று உனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும், ஏனென்றால் நான் அதற்கு மேல் சொன்னதில்லை. அவள் பெயர் கஸ்தூரி. இரண்டரை வயசு. மூன்று நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு அக்கரை போக வேண்டும். வாடைக்காற்று மரத்தைப் பிடுங்குகிற மாதிரி அடித்த நாள், எந்தப் படகும் தண்ணீரில் இறங்க முடியவில்லை. அவளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, காற்று எப்போது தணியும் என்று காலையிலிருந்து மதியம் வரை நான் உட்கார்ந்திருந்தது அந்தக் கரையில்தான். நீ என்னை உட்கார வைத்தாயே, அதே இடத்தில். மதியத்துக்கு மேல் உன் நைனா துணிந்து படகை எடுத்தார். பழவேற்காடு கரையைத் தொடுவதற்குள் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் யார் முன்னாலும் அழுததில்லை. இருபது நாளில் ஏரிக்குள் இறங்கிவிட்டேன். தண்ணீரில் வேலை செய்கிறவள் முகம் நனைந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முப்பத்திரண்டு வருடமாக நான் ஒருத்தருக்கும் காட்டாமல் வைத்திருந்ததை, உன் முகம் வாடியிருக்கிறதே என்று அன்றைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ கேட்கவில்லை. உனக்குத் தெரியவும் தெரியாது. கொடுத்தது என் தப்பு. அதை நடிப்பு என்று நீ சொன்னபோது சிரித்தது அதைவிடப் பெரிய தப்பு.

இதை நான் சாகும்வரை சொல்லாமலே இருந்திருப்பேன். அந்த வெள்ளை எழுத்துதான் என்னைச் சொல்ல வைத்தது. என் பெண்ணுக்காக நான் அழுததன் மேல் ஏரி செத்துப் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். ஏரி சாகவில்லை. இன்றைக்குக் காலையில்கூட அதில் இறங்கிவிட்டுத்தான் வந்து இதை எழுதுகிறேன், விரலில் நண்டு கடித்த இடம் இன்னும் எரிகிறது. அழைப்பிதழை மேரிக்குக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு கேட்டாள், "ஏரி செத்துப் போச்சுன்னா, நாம இன்னா பொணத்துலயா இறால் புடிச்சிக்கினு கீறோம்?" இதற்கு உன் இயக்குநர் பதில் சொல்லட்டும்.

ஏரிக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முகத்துவாரம் மண் அடைத்துப் போகிறது. முன்பு வந்த இறாலில் பாதி இன்றைக்கு வருவதில்லை. தொழிற்சாலைத் தண்ணீர் கலந்த நாட்களில் கை அரிக்கிறது. இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து சொல்லியிருக்கிறோம். அதிகாரி வந்தபோது படகை மறித்துச் சொல்லியிருக்கிறோம். அதில் ஒரு தடவையாவது நாங்கள் அழுதோமா? கத்தினோம். நீயும் பக்கத்தில் நின்று பார்த்தாய். அதைப் படம் எடுத்திருந்தால் அது ஒரு முடிவு. எங்களை அழவிட்டுப் பார்ப்பதில் உங்களுக்கு அப்படி என்ன ஆசை? அழுகிறவளுக்கு இரக்கப்பட்டுவிட்டு எழுந்து போய்விடலாம், கத்துகிறவளுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனாலா? இன்னொன்றும் யோசி. இந்த ஏரி செத்துப்போனது என்று அதில் இறங்குகிறவளே சினிமாவில் அழுது சொல்லிவிட்டால், நாளைக்கு இதை மூடிக் கட்டிடம் கட்ட வருகிறவனுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? என் வாயாலேயே எங்கள் பிழைப்பை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு இது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

நீ படம் எடுப்பதை விட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. உன் நைனா கூட இப்போது அப்படிச் சொல்வதில்லை. நீ எடுத்த முதல் படத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, முடிவு உட்பட. அது சப்பென்று இருக்கிறதாம். இருக்கட்டுமே. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தவள் கரையேறி வீட்டுக்குப் போவது அப்படித்தான் இருக்கும். அதைப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக நீ எடுக்காதே. நம் கொட்டகையில் அந்த முடிவு வந்தபோது மேரி விசில் அடித்தாளே, அவளுக்குச் சப்பென்றா இருந்தது? பெரிய விழாவில் இடம் கிடைக்க வேண்டும், நாலு பேருக்கு உன் பெயர் தெரிய வேண்டும் என்று நீ ஆசைப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. உன்னைவிட எனக்கு அந்த ஆசை அதிகம். அதனால்தான் அழுதேன். ஆனால் என் ஆசைக்கும் உன் ஆசைக்கும் கஸ்தூரியை எடுத்துச் செலவு செய்ய நம் இரண்டு பேருக்கும் உரிமை கிடையாது.

முடியாது, நேரமில்லை என்று நீ சொல்வாய் என்று தெரிந்து, அந்த ஒலிப்பதிவுப் பெண்ணுக்கு நேற்றே போன் செய்து கேட்டுவிட்டேன். ஏரிச் சத்தத்தைச் சேர்ப்பதற்கு நீ கொடுத்த பழைய படம் அவளிடம் முழுசாக இருக்கிறதாம். "பழைய முடிவை மாத்திச் சேர்க்க ஒரு நாள் போதும்மா, இப்ப உள்ள படத்தை தினேஷை அனுப்பச் சொல்லுங்க" என்றாள். இன்றைக்குச் செவ்வாய். விழாக்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்த முடிவு இல்லையென்றால் படமே வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு படகேறி வா. கொட்டகை இருக்கிறது, திரை இருக்கிறது, பார்க்க நாங்கள் இருக்கிறோம். நீ தோற்றுவிட்டதாக இங்கே ஒருத்தரும் பேச மாட்டார்கள். பேசினால் மேரி பார்த்துக்கொள்வாள்.

இதையும் கேட்டுக்கொள். சனிக்கிழமை நான் சென்னைக்கு வருகிறேன். மேரி வருகிறாள், இறாலுக்கு இறங்குகிற இன்னும் ஒன்பது பேர் வருகிறார்கள், உன் நைனா சட்டை துவைத்துப் போட்டுவிட்டார். முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து முன் வரிசையில் உட்காருவோம். பழைய முடிவு வந்தால் அந்த ஹால் அதிரக் கை தட்டுவோம். அந்த அழுகை வந்தால் நான் எழுந்து நிற்பேன். திரையில் நான் அழுதுகொண்டிருக்கும்போதே கீழே நின்று சொல்வேன், இது ஏரிக்கு அழுதது இல்லை, என் பொண்ணு கஸ்தூரிக்கு அழுதது என்று. உன் பெயர் கெடும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். உன்னைப் பெற்றவள்தான், ஆனால் அவளையும் நான்தான் பெற்றேன்.

வெட்டி எடுக்கிறாய் அல்லவா, அந்தத் துண்டை அழித்துவிடாதே. அவளுக்கு ஒரு போட்டோகூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. கேமராவில் பிடித்தது என்று இந்த உலகத்தில் அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து என் கையில் கொடு.

அம்மா